ஊரில் ஒரு பெயர் தெரியாத ஆள்: என்ன பாஷை பேசுகிறார் என்று சொல்ல முடியுமா?

உப்புக்காற்று (சயான் கோலிவாடா), ஞாயிறு இரவு 9.50

வணக்கம். நான் இங்கே மும்பையில் வேலை பார்த்தாலும் அம்மாவும் அண்ணனும் ஊரில்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி மண்ணுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன மீனவ ஊர். பெயரைப் போட மாட்டேன். படித்து முடிக்கும்போது காரணம் புரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கரையோரமாகவே வடக்கேயிருந்து ஒருவர் நடந்து வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட், பொத்தான் போன சட்டை. பை கிடையாது. யாரிடமும் கை நீட்டுவதில்லை. கொடுத்தால் சாப்பிடுகிறார். சாப்பிட்ட தட்டைக் கடல் தண்ணீரில் கழுவி, கொடுத்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்.

இதுவரைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இரவில் அவர் தூங்குவதில்லை. எங்கள் ஊரில் வள்ளங்களை மணலில் இரண்டு வரிசையாக ஏற்றி வைப்போம். இருட்டியதும் அந்த இரண்டு வரிசைக்கு நடுவில் நடக்க ஆரம்பிக்கிறார். ஒரு வள்ளத்தின் முன்னால் நிற்கிறார், குனிந்து பார்க்கிறார், கையால் தொடுகிறார், அடுத்ததுக்குப் போகிறார். கடைசி வரை போய்த் திரும்பி வருகிறார். கிழக்கு வெளுக்கும் வரைக்கும் இதேதான். அதிகாலை தொழிலுக்குப் போக வருகிறவர்கள் இருட்டில் இவரைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முன்னால் போய் நின்று பேசினால் கண்ணைப் பார்க்க மாட்டார், பேசுகிறவர் வாயையே பார்ப்பார். பிள்ளைகளிடமும் அப்படித்தான். தாய்மாருக்கு அது பொறுக்கவில்லை.

அவர் வாயில் வருகிற ஒரே சொல் “மக்க, மக்க”. எங்கள் பக்கம் பிள்ளைகளைத்தான் மக்க என்போம். கூடவே “இந்தி” என்றும் சொல்கிறாராம். பிள்ளை பிடிக்க வந்த இந்திக்காரன் என்று ஒரு தெருவே முடிவு கட்டிவிட்டது. பையன்கள் சிலர் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்களே, அதை வேவு பார்க்க வந்தவன் என்கிறார்கள். எங்கள் பாட்டி வயசுக்காரர்கள் நாலைந்து பேர் சித்தர் என்று சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அண்ணன் ஊர்க் கமிட்டியில் இருக்கிறான். அவன் குரலில் இத்தனை கலக்கத்தை நான் கேட்டதில்லை. நம் இழையில் பல பாஷை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இவரைப் பேச வைத்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போடுகிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

90 அடி ரோடு (தாராவி), ஞாயிறு இரவு 10.15

தம்பி, உங்கள் ஊர் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னதால் அல்ல. அரை மணி நேரம் முன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் அவருடைய போட்டோவே வந்தது. வள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். “பிள்ளை பிடிப்பவன், பார்த்தால் விடாதீர்கள், பகிருங்கள்” என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெயரும் இருக்கிறது. உடனே அண்ணனுக்குப் போன் போடுங்கள்.

மாட்டுங்கா வாசகி, ஞாயிறு இரவு 10.40

இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. பழவேற்காடு ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது?

2018 மே மாதம். அதுவும் சின்னக் கடற்கரை ஊர்தான். வீடு வாசல் இல்லாமல், மனநிலை சரியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லி அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன சென்னைக் குடும்பத்தை மறித்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். அவர் செய்தது தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது மட்டும். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1-ஆம் தேதி நம் மகாராஷ்டிரத்திலேயே துலே மாவட்டம் ரெயின்பாடாவில் ஐந்து பேரைக் கொன்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடிச் சமூகத்துக்காரர்கள். சந்தை நாளில் வந்தவர்களைப் பஞ்சாயத்து அறைக்குள் அடைத்து வைத்து அடித்தார்கள்.

அப்போது சுற்றிய வீடியோ ஒன்றை நானும் நம்பினேன், அதனால் சொல்கிறேன். இரண்டு பேர் பைக்கில் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஓர் அமைப்பு பெற்றோருக்கு எச்சரிக்கை செய்ய எடுத்த விளம்பரம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு அட்டையை விரித்துக் காட்டும். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். மீதிதான் நம் கைக்கு வந்தது. நான் அதை எட்டுப் பேருக்கு அனுப்பினேன். அந்த எட்டுப் பேரும் யாருக்கு அனுப்பினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப்பில் கட்டுப்பாடு வந்தது அந்த ஜூலையில்தான்.

இந்த இழையில் யாரும் அவர் முகத்தைப் போட வேண்டாம். பதிவு வந்தால் குரல் மட்டும் போதும்.

நடுநிலையாளர்: ஒப்புக்கொள்கிறேன். போட்டோ வந்தால் நீக்கப்படும். ஊர்ப் பெயர் எழுதினாலும் நீக்கப்படும்.

கொலாபா 5, ஞாயிறு இரவு 11.20

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்களை முட்டாள்கள் மாதிரி பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை பார்ப்பது கஃப் பரேட் பக்கம். 2008 நவம்பர் 26 ராத்திரி பத்துப் பேர் ரப்பர் படகில் வந்து இறங்கியது அங்கே மச்சிமார் நகரில். மீனவக் குடியிருப்பு. யார் நீங்கள் என்று முதலில் கேட்டதே அங்கிருந்த மீன்பிடிக்கிற ஜனங்கள்தான். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தோளில் பையோடு போனார்கள். அப்புறம் நடந்தது நாட்டுக்கே தெரியும்.

அதிலிருந்து கடலோரம் முழுக்க மீனவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒன்றுதான்: புது ஆள் வந்தால் சொல்லு. தமிழ்நாட்டில் அதற்கென்று 1093 என்று போன் நம்பரே இருக்கிறது. இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது புது ஆளைப் பார்த்துப் பயந்தால் தப்பு என்றால் எப்படி?

உப்புக்காற்று, ஞாயிறு இரவு 11.55

அண்ணனிடம் பேசிவிட்டேன். போட்டோ எடுத்துப் போட்டது எங்கள் தெருப் பையன்தான், 19 வயது. நீக்கிவிட்டான். ஆனால் போனது போனதுதான்.

கொலாபா அண்ணா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. சாகர் கவச் என்கிற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது போலீஸ்காரர்களே தீவிரவாதி மாதிரி படகில் உள்ளே வரப் பார்ப்பார்கள், எங்கள் ஆட்கள் பார்த்துத் தகவல் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் முதல் வாரமே கமிட்டி தகவல் கொடுத்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பார்த்து, மனநிலை சரியில்லாத ஆள், தொந்தரவு இல்லையே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு சரி. அவர் யார் என்று தெரியாமலே மிச்ச இரண்டு வாரமும் ஓடிவிட்டது. பேச்சு வளர்ந்தது அந்த இரண்டு வாரத்தில்தான்.

எங்கள் சர்ச் பங்குச்சாமியாரிடம் சொல்லி இன்றிரவு அவரைக் கெபியின் (சிலை வைத்த சின்னக் குகைக் கோயில்) திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அண்ணனும் இரண்டு பேரும் காவல். ஆனால் அவர் உட்கார மாட்டேன் என்கிறாராம். இருட்டியதும் வள்ளத்துப் பக்கம் போகத் துடிக்கிறாராம்.

தேரிக்காடு (முலுண்ட்), திங்கள் காலை 7.10

எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர், உங்களுக்கு மேற்கே. ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு நம் ஜனங்கள் காளி, குரங்கு, குறவன், பிச்சைக்காரன் என்று வேடம் கட்டி ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். அந்த நாட்களில் முகம் தெரியாத யார் வந்து வாசலில் நின்றாலும் அம்மா அரிசியோ காசோ போட்டுக் கும்பிட்டுத்தான் அனுப்புவாள். இவர் புரட்டாசியில் வந்திருந்தால் ஒருவரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து மணப்பாட்டையும் நினைத்துக்கொண்டேன். 1542-இல் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது அவருக்கும் தமிழ் தெரியாது. ஜெபங்களை மொழிபெயர்க்க வைத்து, ஒலியை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். அந்தக் கரையின் ஜனங்கள் அவருடைய வாயிலிருந்து வந்த அரைகுறைத் தமிழைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்கத் தெரிந்த ஊர் அது. பதிவைச் சீக்கிரம் போடுங்கள்.

உப்புக்காற்று, திங்கள் இரவு 8.30

பதிவு வந்துவிட்டது. இணைத்திருக்கிறேன், 48 வினாடி. கடல் சத்தத்தில் பாதி போய்விட்டது. என் காதில் விழுந்ததை எழுதுகிறேன்: “மக்க... மக்கமா கிந்தி...” இது நாலு முறை வருகிறது. நடுவில் வள்ளத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார்: “ஏக், தோன், தீன், சார்...” கடைசியில் “ராத்” என்று தொடங்கி ஏதோ.

இன்னொன்று. அண்ணன் ஒரு சங்கதி சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் வலை பொத்துகிற இடத்தில் இவர் வந்து உட்கார்ந்து, அறுந்து கிடந்த இரண்டு நூலை எடுத்து முடிந்திருக்கிறார். நாங்கள் போடுகிற அதே வலை முடிச்சு. இழுத்துப் பார்த்தால் இம்மியும் நகரவில்லை. இவன் கடல்காரன்தான், பைத்தியம் மாதிரி நடிக்கிறான் என்று பேச்சு கிளம்பியது அந்த முடிச்சிலிருந்துதான்.

செம்பூர் ஸ்டேஷன் ரோடு, திங்கள் இரவு 9.05

“ஏக், தோன்” என்று எண்ணினால் அவர் இந்திக்காரர் இல்லை. இந்தியில் தோ. தோன் என்பது மராத்தி. இங்கே பஸ்ஸில் தினமும் கேட்கிறோமே!

அந்த முதல் வாக்கியத்தை ஹெட்போன் போட்டுப் பதினைந்து முறை கேட்டேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், அம்மா வழி. அவர் சொல்வது தெலுங்கு. “மக்கம் ஆகிந்தி.” எழுத்தில் மக்கம் என்று வந்தாலும் ‘க்க’ அழுத்தமாக ஒலிக்கக் கூடாது, கங்கை என்பதன் முதல் எழுத்து மாதிரி மெலிந்து வரும். மக்கம் என்றால் தறி. ஆகிந்தி என்றால் நின்றுவிட்டது.

தறி நின்றுவிட்டது, தறி நின்றுவிட்டது என்று நாலு முறை சொல்கிறார்.

கடைசியில் வருவது “ராத்பாளி” மாதிரி கேட்கிறது. மராத்தியில் ராத்ரபாளி என்றால் இரவு ஷிப்ட்.

மாட்டுங்கா வாசகி, திங்கள் இரவு 9.20

மக்க என்று கேட்டது தறியா! கடவுளே.

நூல்கடை (பிவண்டி), திங்கள் இரவு 10.30

இந்த இழையில் நான் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. 22 வருடமாகப் பிவண்டியில் விசைத்தறிக் கூடங்களுக்கு நூல் போடுகிறேன். அண்ணாச்சி, நீங்கள் எழுதிய ஒவ்வொரு விஷயமும் எனக்குத் தெரிந்த ஆளாக இருக்கிறது.

முதலில் முடிச்சு. பாவு இழை (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) ஒன்று அறுந்தால் தறி நிற்க வேண்டும். தறிக்காரர் இரண்டு நுனியையும் இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குறுக்காகப் பிடிப்பார். வலது கையால் ஒரு சுற்று, நுனியை மடக்கி உள்ளே ஒரு தள்ளு, இழுப்பு. இரண்டு வினாடிகூட ஆகாது. மீதி நுனியை நகத்தால் கிள்ளி எறிவார். முடிச்சு கடுகு மாதிரி சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழை நுழைந்து போகிற விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் மாட்டி மறுபடி அறுந்துவிடும். உங்கள் வலை முடிச்சும் இந்தத் தறி முடிச்சும் அமைப்பில் ஒன்றேதான். நீங்கள் வலை ஊசியை வைத்துப் போடுகிறீர்கள், இவர்கள் வெறும் விரலால் போடுகிறார்கள். அண்ணனிடம் கேளுங்கள்: அவர் ஊசியைத் தொட்டாரா? முடிச்சுப் போட்டதும் நுனியை நகத்தால் கிள்ளினாரா?

அடுத்தது நடை. கூடத்தில் தறிகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. ஒருவரே நாலு தறி, ஆறு தறி பார்ப்பார். இரவு முழுக்க அந்தச் சந்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். குனிந்து இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது, துணியைக் கையால் தடவிப் பார்ப்பது, அடுத்த தறிக்குப் போவது. இரண்டு வரிசை வள்ளத்துக்கு நடுவில் அவர் செய்கிறார் என்று நீங்கள் எழுதினீர்களே, அது ராத்ரபாளி.

காதும் வாயும் பாக்கி. விசைத்தறிச் சத்தத்தில் பத்து வருடம் நின்றவருக்குக் காது மந்தமாகிவிடும். பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. கூடத்துக்குள் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை, உதட்டசைவைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேச்சு. என் கடைக்கு வருகிறவர்கள் என் வாயைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. உங்கள் ஊர்த் தாய்மாருக்குப் பழக்கமில்லை, வேறென்ன.

உப்புக்காற்று, திங்கள் இரவு 10.50

அண்ணனிடம் கேட்டுவிட்டேன். ஊசியைத் தொடவில்லை. நகத்தால்தான் கிள்ளினாராம். “அது எப்படிலே அவருக்குத் தெரியும்?” என்று கேட்கிறான்.

செம்பூர் ஸ்டேஷன் ரோடு, திங்கள் இரவு 11.10

நூல்கடை ஐயா, தெலுங்கு பேசி மராத்தியில் எண்ணுகிற தறிக்காரர் என்றால் பிவண்டியா, சோலாப்பூரா?

நூல்கடை (பிவண்டி), திங்கள் இரவு 11.25

இரண்டிலும் உண்டு. தெலங்கானாப் பக்கத்திலிருந்து வந்த பத்மசாலி நெசவாளர்கள் இங்கேயும் ஏராளம். ஆனால் சோலாப்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சத்தர் போர்வையும் துண்டும் நெய்வது அவர்கள்தான். வீட்டுப் பெண்கள் பீடி சுற்றுவார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே மராத்தி. எண்ணுவது மராத்தியில் வந்துவிடும். எனக்கு மனசு சோலாப்பூர் என்றுதான் சொல்கிறது, சத்தியம் செய்ய மாட்டேன்.

90 அடி ரோடு, திங்கள் இரவு 11.40

வண்டியை யோசித்துப் பாருங்கள். நாம் ஊருக்குப் போகிற நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் சோலாப்பூர் வழியாகத்தான் போகிறது. அதில் ஏறி உட்கார்ந்தவர் திருநெல்வேலியில் இறங்கியிருந்தால் அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர். அதோடு தண்டவாளம் முடிகிறது. கோயிலில் அன்னதானம் கிடைக்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கரையில் நடக்க வேண்டியதுதான். ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் பாஷை தெரியாமல் சுற்றுகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ரயில் முடிகிற ஊரில் இறங்கித்தானே ஆக வேண்டும்.

வெள்ளைப்புடவை (டோம்பிவிலி), செவ்வாய் காலை 6.45

மனநல மருத்துவமனையில் 26 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், சட்டத்தை வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 100-ஆவது பிரிவு. இப்படி அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் வேலை. “தொந்தரவு இல்லையே” என்று கேட்டுவிட்டுப் போவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அண்ணனை 100-ஆவது பிரிவு என்று எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள், சாமியாரும் கமிட்டியும் கையெழுத்துப் போடட்டும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். நடுவில் ஏதாவது சந்தேகம் வந்தால் 14416 என்கிற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள்.

இப்படிப்பட்டவர்கள் வீடு திரும்புவது நடக்காத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போரிவிலியில் டாக்டர் பரத் வட்வானியும் அவர் மனைவியும் 1988-இல் தொடங்கிய ஷ்ரத்தா அமைப்பு இதையே செய்கிறது. தெருவில் அலைகிறவரை அழைத்து வந்து, மருந்து கொடுத்து, பேச்சு தெளிந்ததும் ஊர் கேட்டு, கூடவே ஆள் போய் விட்டுவிட்டு வருகிறார்கள். இப்போது கர்ஜத்தில் பெரிய இடம். 2018-இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். சென்னையில் 1993-லிருந்து பேன்யன் என்கிற அமைப்பும் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன்: ஆறு மாதம் வாய் திறக்காத ஒரு பெண், அவள் பாஷை பேசுகிற ஆயா வார்டுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். ஆயா ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தலை வாரிவிட்டாள், வாரும்போது பேசிக்கொண்டே இருந்தாள்.

கொலாபா 5, செவ்வாய் காலை 8.00

நான் முந்தாநாள் எழுதியதை அழிக்கவில்லை, பயம் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தகவல் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்தேன். அது தப்பு. சோலாப்பூர் போலீஸில் காணாமல் போனவர் பட்டியலைக் கேட்க மராத்தியில் எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

உப்புக்காற்று, புதன் அதிகாலை 1.30

தூக்கம் வரவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மனுவை நேற்று மதியம் கொடுத்தார்கள். காலையில் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு வெளியூரிலிருந்து ஏழெட்டு பைக் வந்துவிட்டது. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எங்கள் ஊர்ப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கெபிக்கு முன்னால் நூறு பேர். சாமியார் குறுக்கே நிற்கிறார். அந்த மனிதரோ உள்ளே போகாமல் திண்ணையில் நின்று எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அண்ணன் திண்ணையில் ஏறி அவருக்கு நேர் எதிரே நின்றிருக்கிறான். லைட் தன் முகத்தில் விழுகிற மாதிரி. செம்பூர் அக்கா சொல்லிக் கொடுத்தபடி, சத்தம் போடாமல், உதட்டை நன்றாக அசைத்து, “மக்கம் ஆகிந்தா?” என்று கேட்டிருக்கிறான். தறி நின்றுவிட்டதா?

அவர் அண்ணன் வாயைப் பார்த்திருக்கிறார். இன்னொரு முறை கேட்டிருக்கிறான். அதற்கப்புறம் அவர் பேசினாராம், நிறுத்தாமல். மூன்று வாரமாக ஒரு சொல் சொன்ன ஆள். தெலுங்கும் மராத்தியுமாக, கையை ஆட்டி ஆட்டி. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கூட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. இடையில் “சோலாப்பூர்” என்றார். அது எல்லாருக்கும் கேட்டது.

சாமியார் கூட்டத்தைப் பார்த்து, “இவர் தறிக்காரர். நம் வேட்டியும் துண்டும் நெய்கிற வேலைக்காரர். மக்க என்று சொன்னது தறியை” என்றார். போட்டோ போட்ட பையனின் அம்மாதான் முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பைக்காரர்கள் பத்து மணி வரை நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். நல்லவேளை என்று சொல்லக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் அண்ணன் அவரை வள்ளங்களுக்கு அழைத்துக்கொண்டு போனான். கூடவே நடந்தான், விடியும் வரைக்கும் நடக்கிறேன் என்றான். இந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பான்.

மாட்டுங்கா வாசகி, புதன் காலை 6.20

இரவு முழுக்க இந்த இழையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு என் நமஸ்காரம்.

உப்புக்காற்று, வெள்ளி மாலை 6.10

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. முதலில் படுக்கை இல்லை என்றார்கள், மனுவின் நகலைக் காட்டியதும் கொடுத்தார்கள். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்றிரவுதான் முதன்முதலாகத் தூங்கினாராம். கொலாபா அண்ணா எழுதிக் கொடுத்த மராத்திக் கடிதத்தோடு எங்கள் நிலையத்திலிருந்து சோலாப்பூருக்குத் தகவல் போயிருக்கிறது.

உப்புக்காற்று, அடுத்த வியாழன் இரவு 9.15

கிடைத்துவிட்டார்கள்! பதினோரு மாதத்துக்கு முன்னால் சோலாப்பூரில் பதிந்த காணாமல் போனவர் புகாரோடு அடையாளம் பொருந்துகிறது. அவர் வேலை பார்த்த கூடம் மூடியபிறகு வீட்டில் சரியாகப் பேசாமல் இருந்திருக்கிறார், ஒரு நாள் ஷிப்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர். மனைவி பீடி சுற்றுகிறார். மகனுக்கு 24 வயது, அவன்தான் அழைத்துப் போக வருகிறான். ஆஸ்பத்திரி வீடியோ காலில் காட்டினார்கள். மகன் பேசினான், இவர் போனில் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. ஆனால் வைக்கும்போது போனை நர்ஸிடம் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அவசரப்பட வேண்டாம், மகன் வந்து இரண்டு நாள் கூட இருக்கட்டும் என்கிறார். பையனுக்குத் தமிழ் தெரியாது. சோலாப்பூரைத் தாண்டித் தெற்கே வந்ததே இல்லையாம். வண்டியில் யாராவது துணைக்கு இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார்.

நூல்கடை (பிவண்டி), வியாழன் இரவு 9.40

நான் வருகிறேன் அண்ணாச்சி. தத்கலில் இப்போதே பார்க்கிறேன். எப்படியும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டும், நாலு நாள் முன்னால் போகிறேன். நான் கல்யாணில் ஏறிக்கொள்கிறேன், பையன் சோலாப்பூரில் ஏறட்டும். திருநெல்வேலியில் இறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். என் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், அவனிடம் கொடுங்கள்.

செம்பூர் ஸ்டேஷன் ரோடு, வியாழன் இரவு 9.50

எந்தப் பெட்டி என்று சொல்லுங்கள் ஐயா. கல்யாணுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறேன், இரண்டு பேருக்கும்.